அந்தரத்தில் நிற்றல்

ஏரலில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் இரண்டு இரவுகளைக் கழித்தோம். 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரைமீறி ஓடிய நேரம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்தது. அடுத்த தெரு மாடிக்கு மேலே அப்படியே நின்று உணவுப் பொட்டலங்களைப் போட்டது. அதன் காற்றில் தென்னை மட்டைகள் பிய்ந்து பறந்தன. அது மட்டும் அசையவில்லை.

கல்லூரி திறந்ததும் இயற்பியல் மாணவர்களின் பொதுத்தமிழ் வகுப்பில் இதைச் சொன்னேன். 'அந்தரம்' என்றால் ஆகாயம். பேச்சு வழக்கிலோ, ஒருவரை அந்தரத்தில் விடுவது என்றால் கைவிடுவது. கைவிடாமல் இருப்பதற்காக ஒன்று அந்தரத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன் என்றேன். இத்தகைய வாக்கியங்களில் தமிழாசிரியர்களுக்கு ஒரு மோகம் உண்டு. பின்வரிசை மாணவன் ஒருவன், சங்கு குளிப்பவரின் மகன், கடலோரக் காவல்படையில் சேரும் வழியை அன்று மாலையே கேட்டு வந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

2025 ஜனவரி 5 அன்று, குஜராத்தின் போர்பந்தர் விமான நிலையத்தில், பயிற்சிப் பறப்பில் இருந்த கடலோரக் காவல்படையின் 'துருவ்' ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் முக்குளிப்பு வீரர் ஒருவரும் இறந்தனர். நான்கு மாதங்களுக்கு முன்புதான், அதே ஊரை ஒட்டிய கடலில், 'ஹரி லீலா' கப்பலில் காயமுற்றவரை மீட்கச் சென்ற இன்னொரு 'துருவ்' விழுந்து மூவர் மாண்டிருந்தனர். ஜனவரியில் விழுந்தது சுமார் 200 அடி உயரத்தில் ஓரிடத்தில் நின்ற சில நொடிகளில் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது.

அதன் பிறகே நிற்பதைப் பற்றிப் படித்தேன். இடக்கையில் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நெம்புகோல். வலக்கையில் சாய்வுக்கு ஒரு தண்டு. மூக்கைத் திருப்பக் கால்மிதிகள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்ய வேண்டும். அரக்கோணம் கடற்படைத் தளத்தில் பயிலும் இளைஞர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். முன்னோக்கிய வேகமும் போதிய உயரமும் இருந்தால் இயந்திரம் நின்றாலும் சுழலும் இறக்கையை நம்பி இறங்கிவிடலாம். தாழ்வாக நிற்கையில் அதற்கு அவகாசமே இல்லை. ஏரலில் அசையாமல் நின்றதாக நான் வகுப்பில் சொன்னது, ஒருவர் கைகால்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததைத்தான்.

அந்த வாரமே மாணவனின் தாயார் கல்லூரிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க சொன்னா கேப்பான் சார். போடவேண்டாம்னு சொல்லுங்க."

மீட்பில் கம்பிவடத்தில் இறங்குபவர் எப்படிப் பயிற்சி பெறுகிறார், அவரை மேலிருந்து எப்படி இழுப்பார்கள் என்றெல்லாம் படித்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். காலில் கல்லைக் கட்டி இறங்கியவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் இழுத்தாக வேண்டும். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்பார்கள். தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது.

"எங்க மாமனாருக்கு, மாமியாரோட அண்ணன்தான் கயிறு பிடிச்சாக. அங்க பிடிக்கிறது யாரு சார்?"

"அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார் அம்மா."

"அவரு யாரு வீட்டுப் பிள்ளை?"

மாணவனை அழைத்துப் பேசினேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் விண்ணப்பித்துவிட்டான்.

சில மாதங்களுக்குப் பின் விசாரணைச் செய்தி வந்தது. விமானியின் கையசைவைச் சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டுபோகும் 'ஸ்வாஷ் பிளேட்' என்ற பாகம் முறிந்திருந்ததாம். மேலே இருந்தவர்கள் இழுத்த எதுவும் இறக்கைகளைப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவன் தாயாரிடம் போய்ச் சொல்லவில்லை.