எந்த ஸ்கோரை அனுப்புவது? ஒரு அம்பத்தூர் வீட்டின் எஸ்.ஏ.டி கணக்கு

'எந்த மார்க்கை அனுப்பலாம்?' என்ற கேள்வி நம் வீடுகளுக்குப் புதிது. பிளஸ் டூவில் வந்த மார்க் வந்ததுதான். நீட் என்றால் அந்த வருட மதிப்பெண்தான் கணக்கு. ஜே.இ.இ மெயின் தேர்வை 2019 முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம் என்றாலும், அதில் சிறந்த ஸ்கோரைத் தேர்வு நடத்துபவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களின் நிலைமை வேறு. எஸ்.ஏ.டி தேர்வைப் பல முறை எழுதலாம். எந்தத் தேதியின் ஸ்கோர் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை மாணவரே முடிவு செய்யலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. முடிவெடுக்க உட்கார்ந்தால்தான் தலைவலி.

சென்னை அம்பத்தூரில் ஒரு வீட்டில் அந்தத் தலைவலி மூன்று வாரம் நீடித்தது. அப்பா வங்கி ஊழியர், அம்மா பள்ளி ஆசிரியை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் எஸ்.ஏ.டி எழுதியது இரண்டு முறை.

எஸ்.ஏ.டி-யில் இரண்டே பகுதிகள். ஒன்று ஆங்கில வாசிப்பும் எழுத்தும், இன்னொன்று கணிதம். ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண், மொத்தம் 1600. மார்ச் மாதத் தேர்வில் அவளுக்குக் கணிதத்தில் 780 வந்தது. ஆங்கிலத்தில் வெறும் 590. மொத்தம் 1370. ஆகஸ்டில் ஆங்கிலம் 710 ஆக ஏறியது, கணிதம் 740 ஆக இறங்கியது. மொத்தம் 1450.

அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. எல்.கே.ஜி முதல் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவளுக்கு 590 என்பது வெளியே சொல்ல முடியாத எண். மார்ச் ஸ்கோரைத் தோழிகளிடம்கூட அவள் சொல்லவில்லை. "ஆகஸ்ட் ஸ்கோரை மட்டும் அனுப்பிடலாம்மா. மார்ச்னு ஒண்ணு நடக்கவே இல்லைனு நினைச்சுக்கலாம்" என்றாள். அம்மாவும் தலையாட்டினார்.

அப்பாவுக்கு மட்டும் உறுத்தியது. "லெட்ஜர்ல நமக்குப் புடிச்ச பக்கத்தை மட்டும் காட்டினா ஆடிட்டர் விடுவாரா? மறைக்கிறது தப்பு இல்லையா?" என்று கேட்டார். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் விதிமுறையிலேயே இருக்கிறது. எஸ்.ஏ.டி-யை நடத்தும் காலேஜ் போர்டு, 2009-ல் 'ஸ்கோர் சாய்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. எந்தத் தேதியின் ஸ்கோரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அது. கல்லூரியும் அதை ஏற்றுக்கொண்டால், ஒன்றை மட்டும் அனுப்புவது ஏமாற்று இல்லை. அதே நேரம், எழுதிய எல்லா ஸ்கோரையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நீண்ட காலமாக அப்படிக் கேட்டுவருகிறது. அங்கே ஒன்றை விட்டுவிட்டு அனுப்பினால் அது மறைப்பதுதான். விண்ணப்பத்தில் எல்லாம் உண்மை என்று உறுதி கூறித்தான் அனுப்புகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆக, முதல் வேலை நம் ஸ்கோரைப் பார்ப்பது அல்ல, கல்லூரியின் விதியைப் படிப்பது. அவளுடைய ஆறு கல்லூரிகளின் இணையதளங்களையும் அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தார்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தபோதுதான் 'சூப்பர் ஸ்கோர்' என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியிலும் எது அதிகமோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. அதுதான் சூப்பர் ஸ்கோர். அவள் கணக்கில் ஆகஸ்ட் ஆங்கிலம் 710, மார்ச் கணிதம் 780. கூட்டினால் 1490!

ஆனால், கணிதத்தை மட்டும் மார்ச்சிலிருந்து வெட்டி எடுத்து அனுப்ப முடியாது. ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேதியின் இரண்டு பகுதிகளும் சேர்ந்தே போகும். 780 வேண்டுமென்றால் 590-ம் போயாக வேண்டும். அவள் நடக்கவே இல்லை என்று நினைக்க விரும்பிய தேர்வில்தான் அவளுடைய மிகச் சிறந்த கணிதம் இருந்தது. அதை மறைத்திருந்தால் 40 மதிப்பெண்ணைத் தன் கையாலேயே அழித்திருப்பாள்.

"அந்த 590-ஐப் பார்த்து சிரிப்பாங்களேப்பா" என்றாள். "கூட்டிப் பார்க்கிறவன் பெரிய நம்பரைத்தான் எடுப்பான். உன் வெட்கத்துக்கு அங்க கட்டமே இல்லம்மா" என்றார் அப்பா.

வெட்கத்தால் நல்ல ஸ்கோரை மறைப்பது இவள் மட்டும் செய்ய இருந்த காரியம் அல்ல. கொரோனா காலத்தில் பல அமெரிக்கக் கல்லூரிகள் 'விருப்பம் இருந்தால் அனுப்புங்கள்' என்று சொல்லின. டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர்கள் பிறகு ஆராய்ந்தபோது, வசதி குறைந்த மாணவர்களில் சிலர் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய ஸ்கோரையே அனுப்பாமல் விட்டது தெரியவந்தது. படித்த பள்ளி, வளர்ந்த சூழல் ஆகியவற்றோடு சேர்த்தே ஸ்கோர் படிக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. 2024-ல் டார்ட்மத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. எம்.ஐ.டி 2022-லேயே அந்த முடிவை எடுத்திருந்தது. 2024-ல் ஹார்வர்டு, பிரவுன் போன்றவையும் கட்டாயத்துக்குத் திரும்பின. மாறாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி-யைப் பார்ப்பதே இல்லை.

இன்னமும் 'விருப்பம்' என்று வைத்திருக்கும் கல்லூரிகளில் என்ன செய்வது? பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. ஸ்கோர் அனுப்பிச் சேர்ந்த மாணவர்களில் நடுவில் உள்ள பாதிப் பேர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வாங்கினார்கள் என்பது அதில் இருக்கும். நம் ஸ்கோர் அந்த வரம்புக்குள்ளோ, மேலேயோ இருந்தால் தயங்காமல் அனுப்பலாம். ரொம்பக் கீழே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

செலவையும் பார்க்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே நான்கு கல்லூரிகளைக் குறிப்பிட்டால் இலவசமாக அனுப்புவார்கள். தேர்வு முடிந்து 9 நாள்கள் வரை இந்தச் சலுகை உண்டு. ஆனால், அதற்குள் பெரும்பாலும் ரிசல்ட் வந்திருக்காது. அதனால் என்ன ஸ்கோர் என்று தெரியாமலேயே அனுப்ப வேண்டியிருக்கும். பார்த்துவிட்டு அனுப்பினால் ஒவ்வொரு கல்லூரிக்கும் டாலரில் கட்டணம். இங்கேயும் ஒரு வழி இருக்கிறது. பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவரே ஸ்கோரைக் குறிப்பிட்டால் போதும் என்கின்றன. இடம் கிடைத்துச் சேரும்போது அதிகாரபூர்வ ரிப்போர்ட் தந்தால் போதும். எந்தக் கல்லூரி அப்படி என்பதையும் அந்த நோட்டுக் கட்டத்திலேயே குறித்துக்கொண்டார்கள். அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டுகள் பாதியாகக் குறைந்தன.

கடைசியில் ஆறு கல்லூரிகளுக்கும் ஒரே முடிவு வரவில்லை. ஜார்ஜ்டவுனுக்கு விதிப்படி இரண்டு ஸ்கோரும். சூப்பர் ஸ்கோர் போடும் மூன்று கல்லூரிகளுக்கும் இரண்டும். ஒரே தேதியின் மொத்தத்தை மட்டும் பார்க்கும் ஒரு கல்லூரிக்கு ஆகஸ்ட் மட்டும். கலிஃபோர்னியாவுக்கு எதுவும் இல்லை.

எங்கே இடம் கிடைக்கும் என்பது இனிமேல்தான் தெரியும். டிசம்பரில் மூன்றாவது முறை எழுதலாமா என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம்மா, போர்டு எக்ஸாமுக்குப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அக்டோபர் கடைசி வாரத்தில் அத்தை போன் செய்து ஸ்கோர் என்ன என்று விசாரித்தபோது, அவள் இரண்டு தேர்வின் எண்களையும் சேர்த்தே சொன்னாள்.