கல்கத்தாவில் கட்டிய முடிச்சு

பள்ளிக்கூடத்து ஸயன்ஸ் அறைகளில் லூயி பாஸ்ச்சர், ராபர்ட் காக் ஆகிய பெரியோர்களின் படங்கள் தொங்குவது வழக்கம். தொங்கட்டும். கிருமிகளின் ரகஸியத்தை உலகுக்கு வெளியிட்டவர்கள் அவர்கள். ஆனால், பக்கத்தில் இன்னொரு படத்துக்கும் இடம் வேண்டும் என்பது நமது நெடுநாள் எண்ணம்.

வாந்திபேதி என்ற பெயரைச் சொல்லவும் நம் பாட்டிமார் அஞ்சுவார்கள். காலையில் திடமாக இருந்தவர் மாலையில் இருக்கமாட்டார். அந்நோய்க் கிருமியை 1884-ல் கல்கத்தாவில் காக் தனியே பிரித்துக் காட்டினார். இதை நாம் வகுப்பில் சொல்லி முடித்ததும், ஒரு மாணவி எழுந்து, "அந்தக் கிருமி உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது, ஸார்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி! உலகத்து நிபுணர்களையே எழுபத்தைந்து ஆண்டுகள் திணற அடித்த கேள்வி அது.

விடை கண்டவர் டாக்டர் சம்புநாத் தே. 1915-ல் வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவில் பிறந்தவர். லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுக் கல்கத்தாவுக்கே திரும்பியவர். மற்றவர்கள் பிராணிகளின் இரத்தத்தில் கிருமியைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நோய் குடியிருக்கும் குடலையே நாடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் முடிந்து, நடுவே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் உப்பியிருந்தது. 1959-ல் இன்னும் ஒரு படி சென்றார். கிருமி வளர்ந்த திரவத்தை, ஒரு கிருமியும் எஞ்சாதபடி வடிகட்டிச் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பிற்று! ஆகவே, கொல்வது கிருமி வெளியிடும் நஞ்சு. அதுவே குடலைத் தூண்டி உடம்பின் நீரையெல்லாம் இறைத்துவிடுகிறது. இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்தால் உயிர் தங்கும் என்று வைத்தியர்கள் அனுபவத்தில் கண்டதற்குக் காரணமும் விளங்கிற்று.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நூலும் முயலும் வடிகட்டியும், இவற்றுக்கு மேலாகச் சரியான இடத்தில் தேடும் புத்தியுமே போதுமாயிருந்தன.

நோபல் பரிசு பெற்ற லெடர்பர்க் அப்பரிசுக்கு இவர் பெயரைச் சிபாரிசு செய்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய நோபல் கருத்தரங்குக்கும் இவர் அழைக்கப்பட்டார். நம் தேசத்து விஞ்ஞானக் கழகங்களோ, 1985-ல் இவர் காலமாகும் வரையில் இவரை அங்கத்தினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அயலார் போற்றிய பிறகும் நம்மவரை நாம் அறியாதிருப்பதைவிடப் பெரிய வறுமை உண்டோ?

அம்மாணவி அந்தப் பெயரைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். "பரீட்சையில் வருமா?" என்று அவள் கேட்கவில்லை. அதில் நமக்கு மிக்க திருப்தி.