உலைக்கு ஏது ஃப்ளோட்?



சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன் எழுதுகிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பவர்களிடம், "கட்டுமான மேலாண்மை படிக்கப் போகிறேன்" என்கிறேன். உடனே மறுகேள்வி வருகிறது: "கட்டடம் கட்ட மேஸ்திரி போதாதா? அதுக்கு ஒரு பட்டமா?" ஓசூர் சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் அடுத்த மாதமே கையில் காசு. இன்னும் ஐந்து வருடம் படிக்கிறேன் என்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிப்பவர்களுக்கும் உங்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

என் அப்பா கம்பி கட்டுபவர். அம்மா சித்தாள். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மழை பொய்த்தால் பெங்களூரு பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர்கள்தான் அவர்கள் இருவரும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேலை உண்டு. ஆனால் எல்லா நாளும் கூலி உண்டா? கம்பி லாரி வரவில்லை, டிராயிங் மாறிவிட்டது, சென்ட்ரிங் முடியவில்லை... காரணம் எதுவானாலும் சும்மா உட்கார்ந்த ஆளுக்கு அன்று சம்பளம் கிடையாது. ஊருக்குத் திரும்பவும் முடியாது. நாளைக் காலையில் லாரி வந்துவிட்டால்?

ஒருமுறை அப்பா இப்படி மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஏன் என்று கேட்டேன். "கம்பி வரல கண்ணு. வராதுன்னு இன்ஜினியருக்கு முன்னாடியே தெரியும். எங்ககிட்டச் சொல்லணும்னுதான் அவருக்குத் தோணல" என்றார்.

அந்த வாரம் எங்களுக்கு நடந்த பாடம் சி.பி.எம்.! 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனிக்காக உருவான முறை அது. மறு ஆண்டே போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எதற்கு எத்தனை நாள் என்று அம்புக்குறி போட்டுக் கோத்தால், மிக நீளமான பாதை ஒன்று தெரியும். அதுதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் பிந்தினால் கட்டடமே ஒரு நாள் பிந்தும். மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் 'ஃப்ளோட்' உண்டு. மூன்று நாள் ஃப்ளோட் உள்ள வேலை மூன்று நாள் தள்ளிப் போனாலும் முடிவுத் தேதி மாறாது. நஷ்டமில்லை.

யாருக்கு நஷ்டமில்லை? கணக்கில் பிழை கிடையாது. ஆனால் கம்பி கட்ட வந்து உட்கார்ந்தவர்களின் மூன்று நாள் கூலி அந்தப் படத்தில் எங்கேயும் இல்லையே! எங்கள் வீட்டு உலைக்கு ஏது ஃப்ளோட்?

மேலாண்மை என்றால் ஆளை விரட்டுவது என்று நினைக்காதீர்கள். 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள் என்கிறது ஐ.எஸ். 456. முதலாளி அவசரப்பட்டாலும் கான்கிரீட் அவசரப்படாது. கான்கிரீட் இறுகும் நாளை மதித்து எழுதிவைத்த நமக்கு, ஆள் பட்டினி கிடக்கும் நாளை எழுத மட்டும் இடமில்லையா?

காத்துக் கிடக்காமல் வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் முடித்தார். புது கர்டர் வரட்டும் என்று உட்காராமல், கடலில் விழுந்த கர்டர்களையே எடுத்துப் பொருத்தினார்கள்.

படிக்க வழி இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் 2010 முதல் அரசின் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தாலுகா அலுவலகச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிறகு எம்.இ. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்த படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. திட்ட அட்டவணை, மதிப்பீடு, தரம், பாதுகாப்பு, ஒப்பந்தம் எல்லாம் அங்கே பாடம்.

அப்பாவுக்குக் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு பிடிக்கிறது. நான் சம்பாதிக்க வேண்டிய ஐந்து வருடத்தை அவர் கம்பி கட்டிக் கடனாகத் தருகிறார். "படி. ஆனா படிச்சிட்டு எங்களை மறந்துடாத" என்பது மட்டுமே அவர் கேட்கும் வட்டி.

தோழர்களே, நாளை நீங்களும் ஒரு சைட்டில் பொறுப்பாளராக நிற்பீர்கள். லாரி வராது என்று தெரிந்தால் முதல் நாள் சாயங்காலமே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. சொல்லாமல் உட்காரவைத்த நாளுக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதவைப்பதற்குத்தான் பட்டம் தேவை. நான் படிக்கப் போவது அதற்காக!