அப்பாவின் நடை

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அப்பா நடந்து போனால், அறியாதவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். "காலையிலேயே தண்ணியா?" என்று ஒருவர் முணுமுணுத்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். என் அப்பா குடிப்பவர் அல்லர். அவரைத் தள்ளாட வைத்தது வெயில்!

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில்தான் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிப்பார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். மரத்தின் அந்த நியதி மனிதனையும் காத்தது. பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்த பிறகு அப்பா குலை வெட்டினார். குலைக்கு விடியற்காலைக் கணக்கு கிடையாது. நண்பகலிலும் வெட்டலாம், ஆகவே நண்பகலிலும் வெட்டினார்.

அது 2016ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் மலாய்மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எல் நினோ வெப்பம் நாட்டையே வாட்டியது. ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளைக்கூட மூடினார்கள். அப்படிப்பட்ட ஒரு மதியத்தில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடல் கொதித்தது, பேச்சு குழறியது, எங்களை அடையாளம் தெரியவில்லை. சற்று நேரத்தில் நினைவே இல்லை. பாட்டி வல்லாரையை அரைத்துச் சாறு பிழிந்து, "ஒரு வாய் குடிய்யா" என்று அழுதபடியே புகட்டப் பார்த்தார். வண்டி தேடிப் பிடித்து மருத்துவமனை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா பிழைத்தார். ஆனால் பழைய நடை திரும்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. மலாயில் 'ஸ்ட்ரோக் ஹாபா' என்கிறார்களே, அந்த வெப்பத் தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்குகிறது. உடலின் சமநிலையை ஆள்வது சிறுமூளை. அதிலுள்ள புர்க்கிஞ்சி உயிரணுக்கள் வெப்பத்தை எளிதில் தாங்குவதில்லை. அவை மடிந்தால் மடிந்ததுதான்.

அப்படியானால் மூலிகையால் மூளையைக் காக்க முடியாதா? பாட்டிக்காகவே இந்தக் கேள்வியைத் தேடிப் படித்தேன். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் ஹரி சங்கர் சர்மாவும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஜிங்கோ மரத்தின் இலைச்சாற்றை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்து வெப்பத்தில் வைத்தபோது, மூளை வீக்கம் குறைந்திருந்தது.

ஆனால் மூளைக்குள் நுழைவது எளிதன்று. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு; பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடுவதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு இன்னொரு தொல்லை: அது நீரில் கரையாது, குடித்தாலும் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது பல மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். பாட்டி மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டது வீண்போகவில்லை!

நானோ தொழில்நுட்பம் அடுத்த படி. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பால்மரப் பாலை நினைத்துப் பாருங்கள். நீரில் கரையாத ரப்பர், கண்ணுக்குத் தெரியாத மணிகளாக மிதப்பதால்தான் அது பாலாக ஓடுகிறது. அதுபோலவே குர்குமினையும் நுண்மணிகளில் ஏற்றி, மூளைவரை கொண்டுசேர்க்க ஆய்வுகள் நடக்கின்றன. சர்மாவின் குழு பின்னாளில், மூலிகையல்லாத வேறொரு மருந்தை டைட்டானிய நுண்கம்பிகளில் ஏற்றி, வெப்பம் தாக்கிய எலிகளிடம் சோதித்தது. அந்த வெப்பச் சோதனைகள் எலிகளோடு நிற்கின்றன. கடையில் 'நானோ மூலிகை' என்று விற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

பாட்டி இன்றும், "அந்தச் சாறு உள்ள போயிருந்தா என் புள்ள நல்லா நடந்திருப்பான்" என்பார். போயிருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கி உயிரையே குடித்திருக்கக்கூடும் என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. ஆனால், உங்களிடம் சொல்கிறேன். வெப்பத்தில் விழுந்து நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், 999ஐ அழையுங்கள், உதவி வரும்வரை உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். எங்கள் லயத்தில் குழாயும் இருந்தது, வாளியும் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மேற்படிப்பில் இத்துறையையே எடுக்க எண்ணியுள்ளேன். என்றேனும் அந்த மருந்து வந்தாலும் அப்பாவின் நடை திரும்பாது என்று அறிவேன். நண்பகலில் குலை வெட்டும் வேறு யாரோ ஒருவரின் அப்பாவுக்கு அது உதவட்டும்.