கந்தப்பளைக்கு ஒருநாட் பயணம்

சித்திரை விடுமுறை வந்துவிட்டால் எமது நாட்டுக் குடும்பங்கள் பல நுவரெலியாவை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. கிரெகரி வாவியிற் படகேறி, மலர்ப் பூங்காவைச் சுற்றிவந்து, செங்கல்லாலான பழைய தபாற் கந்தோரின் முன் வரிசையாக நின்று ஒரு படமும் பிடித்துக்கொண்டு, மாலையிலே குளிருக்கு அஞ்சிக் கீழே இறங்கிவிடுவது வழக்கம். அவ்வாறு செல்வோரை நாம் குறை கூறவில்லை. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்று வந்தவர்கள்தாம். ஆயினும் அந்நகரின் சந்தடியிலிருந்து இராகலை செல்லும் பாதையிலே 10, 12 கிலோமீற்றர் அப்பால் சென்றால், கூட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை, கண்ணுக்குக் குறைவும் இல்லை. அங்கே இருப்பது கந்தப்பளை.

எமது கல்லூரியிலே புகைப்படக் கலையில் ஆர்வமுள்ள மாணவர் சிலர் உளர். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர்களுள் பதினொருவரை அழைத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து விடியுமுன்னரே பஸ் ஏறினோம். எம்மிடம் இருந்தவை இரண்டு கமராக்களே. ஏனையோர் கைத்தொலைபேசியை நம்பி வந்தனர். டெவன், சென்கிளேயர் அருவிகள் இருளோடு இருளாகக் கழிந்துபோயின. நானுஓயாவைக் கடக்கையிற் கிழக்கு வெளுத்தது. நுவரெலியாவில் வண்டி மாறிக் கந்தப்பளையில் இறங்கியபோது, புல்நுனிகளிலே உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போற் கிடந்தது. மாணவர்கள் பேசும்போது வாயிலிருந்து புகை வருவதைக் கண்டு ஒருவரையொருவர் கேலி செய்தனர்.

கந்தப்பளை பெரிய நகரமன்று. சில கடைகள், பஸ் தரிப்பிடம், கோயில், பாடசாலை, இவற்றைச் சூழ்ந்து மரக்கறித் தோட்டங்கள், அவற்றுக்கும் அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றை மூட்டை கட்டி லொறியில் ஏற்றும் ஆரவாரம் காலையிலே கேட்கும். கறுத்த மண்ணிலே பாத்தி பாத்தியாகப் பச்சை ஏறியிருக்கும் அச்சரிவுகள் தேயிலை மலைகளைப் போலவே படம் பிடிக்கத் தக்கவை. ஆனால் அவற்றை யாரும் பிடிப்பதில்லை. கோவாவைப் பார்த்து வியப்பதற்கு எமது மக்கள் இன்னும் பழகவில்லை போலும்.

இவ்வூருக்கு ஒருகாலத்திற் புகையிரதம் வந்தது என்று சொன்னபோது மாணவர் நம்பவில்லை. 1885ஆம் ஆண்டு நானுஓயாவரை பிரதான பாதை வந்து சேர்ந்தது. அங்கிருந்து 2 அடி 6 அங்குல அகலமே உள்ள குறுகிய தண்டவாளம் ஒன்று கிளைவிட்டு, 1903இல் நுவரெலியாவையும், 1904இல் கந்தப்பளையைக் கடந்து இராகலையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும், அரிசியும் பிறவும் ஏற்றவுமே முதன்மையாக அமைக்கப்பட்ட பாதை அது. இன்று இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் பட்டிப்பளை என்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அந்தச் சிறிய வண்டி கந்தப்பளையில் 6300 அடிக்கும் மேலே ஏறியிருக்கிறது. பட்டிப்பளை அதைவிடச் சற்றுத் தாழ்வே. மோட்டார் லொறிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1948இல் அப்பாதை மூடப்பட்டது. அதே 1948ஆம் ஆண்டிலேதான் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, இம்மலைகளில் வாழ்ந்த மக்களிற் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர். இரண்டுக்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும் கந்தப்பளையின் பாதையோரம் நின்று அந்த ஆண்டைச் சொல்லும்போது இரண்டுமே நினைவுக்கு வருகின்றன.

நகருக்கு அப்பால் மேட்டிலே ஒரு பெரிய தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. அருகே சென்றாற்றான் அது தொழிற்சாலையன்று, ஹோட்டல் என்பது தெரியவரும். ஹெதர்செட் தோட்டத்தின் ஆலை நெடுங்காலம் மூடிக்கிடந்தபின், 1996ஆம் ஆண்டில் அதன் வெளித்தோற்றமும் இயந்திரங்களிற் சிலவும் கெடாதவாறு ஹோட்டலாக்கப்பட்டது. பழைய குறுகிய பாதையின் நினைவாகப் புகையிரதப் பெட்டியொன்றும் அங்கே உணவருந்தும் இடமாக நிற்கிறது. எம்மைப் போன்றோரின் பணப்பைக்கு அது ஏற்றதன்று; வெளியே நின்று பார்த்ததோடு அமைந்தோம். எமக்கு அதனினும் சுவையாய் இருந்தது அத்தோட்டத்தின் தமிழ்ப் பெயர். முதலில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் பிளவர்டியூ. பிளவர் என்றாற் பூ, டியூ என்றாற் பனி. தொழிலாளர் அதைத் தமிழாக்கிப் பூப்பனி என்று தோட்டத்தையே அழைத்துவிட்டனர். துரையின் பெயரை மொழிபெயர்த்து மலைக்குச் சூட்டிய அந்தப் பெயரறியாப் புலவர் யாரோ!

இனிப் படம் பிடிப்பதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மாணவர் பலர் இதனை வாசிப்பர் அன்றோ? கந்தப்பளையிற் காலை 6 மணியிலிருந்து 9 மணிவரையே நல்ல நேரம். சூரியன் கிழக்கு மலைகளின் மேலாக எழுந்து, தேயிலைச் செடிகளின்மீது சரிவாக ஒளி வீசும்போது, ஒவ்வொரு நிரையும் தனித்தனி நிழலோடு விளங்கும். மேற்கே இலங்கையின் உச்சியான பீதுருதாலகால, 2524 மீற்றர் உயரத்தோடு, முகிலைத் தலையிற் சூடி நிற்கும். உச்சிப்பொழுதிலோ மலையெல்லாம் பச்சைச் சாயம் பூசிய சுவராகிவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்கும். அதைக் கண்டு கமராவை உறைக்குள் வைத்துவிடாதீர்கள். மூடுபனியின் வெண்மை கமராவை ஏமாற்றிவிடுவதால் அது படத்தை மங்கலாகவும் சாம்பல் நிறமாகவும் தரும். ஒளியின் அளவை ஓரிரு படி நாமே கூட்டிவைத்தால், பனி பனியாகவே வரும். வில்லையிலே நீர்த்துளி படியும். பழைய பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையில் இருப்பது நல்லது. சட்டையின் நுனியால் துடைத்த மாணவன் அன்று முழுவதும் கறைபட்ட படங்களையே எடுத்தான்.

நாம் சிறுவனாய் இருந்தபோது ஒரு சுருளிலே 36 படங்களே உண்டு. ஒன்றை அழுத்துமுன் மூன்று முறை யோசிப்போம். இன்று மாணவன் ஒருவன் ஒரு செடிக்கே நாற்பது படம் எடுக்கிறான். எடுப்பது எளிதாகிவிட்டதனால் கேட்பதும் யோசிப்பதும் குறைந்துவிட்டனவோ என்று எண்ணுகிறோம். இதை மாணவரைக் குறித்து மட்டும் கூறவில்லை.

ஏனெனில் அன்றைய தவறு எம்முடையது. தோட்டம் தனியார் நிலம் ஆகையால், உள்ளே செல்வதற்குக் கங்காணியாரிடம் முறைப்படி கேட்டோம். அவரும் தலையசைத்தார். மேட்டிலே பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தனர். இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை, செடியின்மீது மட்டக்கம்பு. அவர்களுள் முதிய பெண்ணொருவர் நிமிர்ந்து சூரியனைப் பார்த்த கணத்திலே, பின்னாலிருந்து பனி விலகியது. அழுத்திவிட்டோம். கங்காணியாரிடம் கேட்ட நாம் அந்த அம்மையாரிடம் கேட்கவில்லை. அது அப்போது தோன்றவும் இல்லை.

படம் மிக நன்றாக வந்தது. கல்லூரிக் கண்காட்சியிலே பெரிதாக்கி வைத்தோம். 'கந்தப்பளையிற் காலை' என்று கீழே எழுதினோம். பார்த்தவர் யாவரும் புகழ்ந்தனர். பத்தாம் வகுப்பு மாணவனொருவன் மாத்திரம் நெடுநேரம் அதன் முன்னே நின்றான். அவனது தாயாரும் தோட்டத்திலே கொழுந்தெடுப்பவர். "சேர், இந்தப் பாட்டிக்கு ஒரு படம் குடுத்தீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றோம். "பேராவது தெரியுமா சேர்?" அதுவும் இல்லை. அவன் வேறொன்றும் கூறாது அடுத்த படத்துக்கு நகர்ந்தான்.

இவ்விடத்திலே பழைய செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. ஹட்டனுக்கு அப்பால் பொகவந்தலாவையிலே, சென் மேரீஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் வரலாற்றில் அழியா இடம் பெற்றவர் அவர். டார்வின், கவிஞர் டெனிசன் முதலிய பேரறிஞரின் முகங்களை உலகம் இன்று அறிவது பெரிதும் அவர் எடுத்த படங்களால். கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கை வந்தார். 1879 ஜனவரியில் மறைந்தார். கண்ணாடித் தட்டிலே மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. இந்த வெயிலிலும் ஈரத்திலும் அது எத்துணைப் பாடு! இங்கே அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை தொழிலாளரின் படங்கள். டார்வினின் படத்தின் கீழே டார்வினின் பெயர் உண்டு. இங்கே எடுத்த முகங்களுக்கோ பெரும்பாலும் பெயர் இல்லை. தேயிலைப் பெட்டிகளிலும் தபாலட்டைகளிலும் கூடையோடு சிரிக்கும் பெண்களுக்கும் பெயர் இல்லை. அவ்வரிசையில் எமது படமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

ஆகவே, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய படம் ஒன்றையும் சிறியவை சிலவற்றையும் உறையிலிட்டுக்கொண்டு மீண்டும் கந்தப்பளைக்குச் சென்றோம். இம்முறை தனியே. தேநீர்க் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினோம். அவர் முகத்தைப் பார்க்குமுன்னே மலையைப் பார்த்தார். "இது ஏழாம் நம்பர் மலைங்க" என்றார். அதன்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, பணிய லயத்திலே மூன்றாவது காம்பறா என்று வழி சொன்னார்.

அம்மையார் இஸ்தோப்பிலே அமர்ந்து பேத்தியின் தலையை வாரிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி, தூரத்திலும் கிட்டவுமாகப் பிடித்துப் பார்த்தார். நாம் எதிர்பார்த்த வியப்பு அவரிடம் தோன்றவில்லை. "இந்த நெர பூரா முத்திப்போயி கெடக்கு பாருங்க. அன்னிக்கு ரெண்டு நாளு பிந்தித்தான் இந்த மலைக்கு வந்தோம்" என்றார். எமது ஒளியையும் பனியையும் கடந்து அவர் கண்டது கொழுந்தை.

உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். சுவரிலே ஓர் ஆடவரின் படம் சந்தனப் பொட்டோடு இருந்தது. மிகச் சிறிய படத்தைப் பெரிதாக்கியமையால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாய்ச் சிதறியிருந்தது. "அவருதாங்க. பாஸ்போட்டுக்குப் புடிச்சது" என்றார். 1964 ஒக்டோபரிலே இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்ட கதையை வாசகர் அறிவர். அதன்பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல, வாழ்நாளிலே முதன்முறையாகப் படம் பிடிக்கும் கடையின் வாயிலை மிதித்தது கடவுச்சீட்டுக்காகவே. இவருடைய கணவரும் அவ்வாறே படம் எடுத்தார். தமையன்மார் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர். இவர் போவதற்குள் 1984 வந்தது. தலைமன்னார்க் கப்பலும் நின்றது. "அவரு போகல. இந்த மண்ணுலதான் போயிட்டாரு. படந்தான் மிச்சம்" என்றார் அம்மையார்.

"உங்களுடைய படம் ஒன்றும் இல்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"என்னய எத்தனையோ பேரு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க ஐயா. வெள்ளக்காரங்க, கொழும்புக்காரங்க. அனுப்புறோம்னு சொல்லுவாங்க. ஒண்ணும் வரல. நீங்கதான் கொண்டாந்திருக்கீங்க." சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர் சற்றுத் தயக்கத்தோடு, "கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. வேலக் கோலத்துல எடுத்திருக்கீங்களே. படங்கும் கூடையுமா இதை அவரு பக்கத்துல மாட்ட முடியுமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்ல சீல கட்டியிருப்பேனே" என்றார்.

எமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கமரா கைவசம் இருக்கிறதென்றும், விரும்பினால் இப்பொழுதே எடுக்கலாமென்றும் கூறினோம். அவர் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து, தைப்பொங்கலுக்கு எடுத்த நீலச் சேலையுடன், நெற்றியில் திருநீறு துலங்க வெளியே வந்தார். பேத்தியோ ஞாயிற்றுக்கிழமையிலும் பாடசாலைச் சீருடை அணிந்து, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டது. பின்னணியில் மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. லயத்தின் சுவரும் தகரக் கூரையின் ஓரமும் மாத்திரமே. அம்மையார் சிரிக்கவில்லை. நேராக நின்று, பேத்தியின் தோளிலே கை வைத்து, கமராவை உற்று நோக்கினார். கண்காட்சிக்கு வைத்தால் எவரும் திரும்பிப் பாரார். "இதைப் பெருசா போடுங்க. பின்னால பேர எழுதுங்க. பேப்பர்ல மட்டும் போட்டுறாதீங்க" என்றார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அவர் சொற்படியே இங்கே அதனைத் தரவில்லை.

இதற்குள் செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பறாவிலிருந்து தம்பதியர் இருவர் தமக்கும் ஒன்று வேண்டுமென்று வந்து நின்றனர். அடுத்து ஒரு தாயும் கைக்குழந்தையும். பிறகு தலையை நன்றாக நனைத்துச் சீவிக்கொண்டு இளைஞர் மூவர். கடைசி பஸ் 5 மணிக்கு என்று கடைக்காரர் வந்து நினைவூட்டியபோது, வெளிச்சமும் ஏறக்குறைய முடிந்திருந்தது.

கழுவி எடுத்த படங்கள் ஒன்பது இப்போது எமது மேசைமீது உறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதியாகிவிட்டது. அடுத்த பூரணை விடுமுறைக்குப் புறப்பட எண்ணியுள்ளோம். அந்தப் பத்தாம் வகுப்பு மாணவனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.