நோட்டில் ஏறும் பணம்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

இங்கே சீனர் வீட்டில் சாவு விழுந்தால் பெரும்பாலும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் துணித் தடுப்புகள் கட்டுவார்கள். மூன்று நாள், ஐந்து நாள் என்று உடல் அங்கேயே இருக்கும். மேசைகளில் வேர்க்கடலை, மிட்டாய், பாக்கெட் பானங்கள். ஓரமாகப் போட்ட சிறிய மேசையில் உறவுக்காரர் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் வெள்ளை உறையில் பணம் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒற்றைப்படைத் தொகையாக. பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். கொடுத்தவருக்குச் சிவப்பு நூலும் ஒரு மிட்டாயும் தருவார்கள். இந்தப் பணத்துக்கு ஹொக்கியனில் ‘பெக் கிம்’ என்று பெயர். நாளை கொடுத்தவர் வீட்டில் துக்கம் என்றால் இந்த நோட்டைப் பார்த்துத்தான் இவர்கள் உறை எடுத்துக்கொண்டு போவார்கள்.

மொய் நமக்குப் புதிதா என்ன? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எழுதுகிறோம். இழவு வீட்டிலும் மொய் எழுதும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் நகரத்துக்கு வந்துவிட்ட நம்மில் பலர் ஒரு மாலையோடு போய், கொஞ்ச நேரம் நின்று, “என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். கணவனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத பெண், யார் வீட்டுக் கதவைத் தட்டி எவ்வளவு என்று கேட்பாள்? அந்தச் சின்ன மேசையில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு அந்த வழக்கத்தின் மேல் அவ்வளவு மரியாதை.

அதிலும் நோயில் போனவர் வீடு என்றால் நிலைமை வேறு. நோய் முதலில் பணத்தைத் தின்றுவிட்டுத்தான் ஆளைக் கொண்டுபோகிறது. ஸ்கேன், மருந்து, துணைக்கு இருப்பவரின் சம்பள இழப்பு, போக்குவரத்து என்று சாவுக்கு முன்பே வீடு காலியாகியிருக்கும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கம் சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. மத்திய சேமநிதி செலுத்தும் பெரும்பாலோர், தாங்களாக விலகாதவரை, ஒரு காப்புறுதித் திட்டத்தில் இருப்பார்கள். 60 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 70,000 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டுகிறவர் போய்விட்டால், மிச்சக் கடனை அடைக்க இன்னொரு காப்புறுதி உண்டு. வீடு கைவிட்டுப் போகாது. சேமநிதிப் பணம் மட்டும் உயிலுக்குக் கட்டுப்படாது, அதற்கு நியமனம் தனியாகச் செய்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். இது தெரியாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. நோயாளிக்குக் கையெழுத்துப் போடும் தெம்பு இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். அபசகுனம் என்று தள்ளிப்போட்டால் பணம் பொது அறங்காவலர் அலுவலகம் போய்ச் சுற்றித்தான் வீட்டுக்கு வரும்.

வேலை அனுமதியில் வந்த நம் பிள்ளைகளுக்கோ சேமநிதியே கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், கட்டுமான வேலை, கல்லீரலில் புற்றுநோய். இங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். உடலை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது, அது சட்டம். வேலையிடத்தில் அடிபட்டோ, வேலையால் வந்த நோயிலோ இறந்திருந்தால் இழப்பீடு உண்டு. இவனுடைய நோய் அந்தக் கணக்கில் வரவில்லை. பெட்டி திருச்சி போய்ச் சேர்ந்ததோடு எல்லாருடைய கடமையும் முடிந்துவிட்டது, அவன் மனைவியைத் தவிர.

விடுதியில் கூட இருந்தவர்கள் வசூலில் இறங்கினார்கள். பத்து வெள்ளி கொடுத்தவனும் உண்டு, ஒரு வாரச் சம்பளத்தையே கொடுத்தவனும் உண்டு. கணக்கெழுதும் வேலை என்னிடம் வந்தது. மொத்தமாக அனுப்பிவிடலாம் என்றுதான் பேச்சு. அவர்களில் மூத்தவரான சூப்பர்வைசர் அண்ணன் தடுத்தார். “மொத்தமாப் போச்சுன்னா கடன்காரன் வாசல்ல நிப்பான், பங்காளி கணக்குக் கேப்பான். அந்தப் புள்ள கிட்டயே கேளுங்கய்யா, இப்ப எதுக்குப் பணம் வேணும்னு.”

நான் போன் செய்தேன். அவள் அழவில்லை. “நகையைத் திருப்பணும்ணே. ஏலத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கு” என்றாள். வைத்தியத்துக்காக அடகு வைத்த தாலிக்கொடியும் தோடும். எங்கள் யாருக்கும் அது தோன்றியிருக்கவே இல்லை. காரியச் செலவு, பதினாறாம் நாள் சாப்பாடு என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில் நகைக்கு மட்டும் அனுப்பினோம், அவள் பேரில் இருந்த கணக்குக்கே. மீதியை மாதாமாதம் பிரித்து அனுப்புவது என்று முடிவாயிற்று. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும். விதவை உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். அது கிடைத்தாலும் மாதம் 1,200 ரூபாய்தான். அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். முதல் மாதம் ஓடி ஓடிச் செய்கிற சொந்தபந்தம் மூன்றாம் மாதம் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விடுகிறது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பால்காரருக்கும் மளிகைக்கடைக்கும் மூன்றாம் மாதமும் காசு கொடுத்தாக வேண்டும். தவணையாகப் போகும் பணத்தின் அருமை அப்போதுதான் தெரிகிறது.

துக்கம் கேட்கப் போகிறவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுங்கள், வீட்டுக்காரர்களிடம் இல்லை, அவர்களுக்கு நெருக்கமான ஒருவரிடம். நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அது தானம் ஆகாது, முறை ஆகிவிடும். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பிள்ளையோ புருஷனோ இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியரும் சேரலாம். சேர்ந்து முதல் 30 நாள் கழிந்தபின் நோயில் இறந்தாலும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய். எங்கள் தம்பி அதில் சேர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1ஆம் தேதி புதுக் காப்பீட்டு ஆண்டு தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் நடக்காது, காப்பீடும் நின்றுவிடும். பாஸ்புக்கை எடுத்து, போன மே மாதப் பதிவில் 436 ரூபாய் போயிருக்கிறதா, நியமனதாரர் பெயர் யாருடையது என்று இந்த வாரமே வங்கியில் கேட்டுவிடுங்கள்.