நரை அணில் சொல்லித் தரும் ஆங்கிலம்

ராஜபாளையத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டுகளை அவ்வப்போது வாங்கிப் பார்ப்பேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். பக்கம் பக்கமாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் பாதி மறந்துவிடுகிறது. அப்படி ஒரு நோட்டில் 'கிரிஸில்ட்' என்று இருந்தது. எதிரே 'சாம்பல் நிறம்'. அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய உயிர் நம் மேற்கு மலையடிவாரத்தில் மரத்துக்கு மரம் தாவுகிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்துக்கு 1988இல் ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'கிரிஸில்ட் ஸ்குவிரல்' சரணாலயம்தான். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழில் சாம்பல் நிற அணில் என்கிறோம், நரை அணில் என்றும் எழுதுகிறோம். நரை அணில்தான் பொருத்தம் என்பேன். அங்கே செண்பகத்தோப்புப் பகுதியில் காலை வேளையில் புளியமரத்தை அண்ணாந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கிளையிலிருந்து தொங்கும் வால். உடம்பளவு நீளம். பழுப்பு மயிர்தான், ஆனால் நுனி வெளுத்திருக்கும். ஒரே சீராகப் பூசிய சாம்பல் அல்ல அது. கருமைக்கு நடுவே வெள்ளை ஊடுருவி நிற்பது. அதுதான் 'கிரிஸில்ட்'.

சாம்பலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லான 'கிரி'யிலிருந்து வந்தது இது. தாடிக்கும் தலைமுடிக்கும் சொல்வார்கள். நெடுநாள் களம் கண்ட படைவீரரை, கடலில் காலம் கழித்த மாலுமியை இப்படிச் சொன்னால், நரைத்தவர் என்பதோடு பட்டுத் தேறியவர் என்ற மதிப்பும் சேரும். வட அமெரிக்காவின் 'கிரிஸ்லி' கரடிக்கும் மயிர் நுனி வெளுத்ததால்தான் அந்தப் பெயர். கோரமான என்ற பொருளில் இன்னொரு 'கிரிஸ்லி' உண்டு. ஒலி ஒன்று, எழுத்து வேறு, பிறப்பும் வேறு. தேர்வில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது.

நம்மிடத்திலும் நரையைப் பற்றிப் பேச்சு உண்டு. வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆம் பாட்டாக நிற்கிறது. வீடும் நாடும் நன்றாயிருப்பதையும், ஊரில் சான்றோர் பலர் வாழ்வதையும் காரணமாகச் சொன்னார். அவருக்கு நரை கவலையின் கணக்கு. ஆங்கிலத்தில் அதுவே அனுபவத்தின் கணக்கு. இரண்டும் உண்மைதான். சாயம் பூசி மறைக்க அதில் ஒன்றுமில்லை.

பொருளோடு சேர்த்துப் பார்த்த சொல் மறக்காது. ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வனத்துறை அனுமதிக்கும் ஒரு நாளில் பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போங்கள். அந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை தொட்டு நிற்கும் மரங்கள்தான் அதற்குப் பாதை. அந்த மரங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.